ஒல்லியான ஆளுக்கு எதற்கு வயிறு ஸ்கேன்?

என் எடை 63 கிலோ. பார்க்கிற யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். அலைச்சலுக்குக் காரணமே அதுதான். சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c) எட்டைத் தாண்டியபோது, தண்டையார்பேட்டையில் முதலில் காட்டிய கிளினிக்கில் "வெயிட்டு நார்மல்தான், இனிப்பைக் குறைங்க" என்று மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை எழுதி அனுப்பிவிட்டார்கள். சுகர் இறங்குவேனா என்றது.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் டிராயரிலிருந்து டெய்லர் டேப்பை எடுத்தார். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றினார்: 96 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தான் எல்லை. தோலடிக் கொழுப்பு அவ்வளவு தொல்லை இல்லையாம், குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வில்லங்கம். அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அப்புறம் அங்கே இன்சுலின் பேச்சு எடுபடாது, கல்லீரல் பாட்டுக்குச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்.

கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் டாக்டரம்மா வயிறு ஸ்கேன் எழுதினார். சரி, அந்த ஸ்கேன் கூத்துக்கு வருகிறேன். கவுண்டரில் இருந்தவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "உங்களுக்கு எதுக்கு சார் இது?" என்றார். மத்தியானம் மூணு மணிக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்வரை வெயிலில் நின்று, போய்ச் சேர்ந்தால் உள்ளே ஒரு அம்மா, "சாப்டீங்களா? அப்ப நாளைக்கு வாங்க" என்றார். அரை நாள் சம்பளம் போச்சு. வயிறு ஸ்கேனுக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டுவிடுங்கள். மறுநாள் முதல் டோக்கன் என்னுடையது. ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர், கிரேடு 1. அதாவது கல்லீரலில் கொழுப்பு, ஆரம்ப நிலை.

மெட்ஃபார்மினோடு பயோகிளிட்டசோன் சேர்ந்தது. கொழுப்புச் செல்லிலேயே வேலை செய்கிற மாத்திரை இது. கல்லீரலில் தேங்கும் கொழுப்பைத் தோலடிப் பக்கம் ஒதுக்கும். அதனால் சுகர் இறங்கும்போதே எடை கொஞ்சம் ஏறும், பயந்துவிடாதீர்கள். கவனிக்க வேண்டியது கணுக்காலை. அழுத்தினால் குழி விழுகிறதா, உடனே டாக்டரிடம் போங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது. எனக்கு லேசாக வீங்கியது. 15 மில்லிகிராமை 7.5 ஆக்கியதும் வற்றிவிட்டது.

மெடிக்கல் ஷாப்காரர்தான் இன்னும் நம்பவில்லை. "இதைத் தடை பண்ணிட்டாங்களே சார்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். தடை 2013-ல் வந்தது, சில வாரங்களிலேயே நீக்கியும் விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நானும் சொல்லிவிட்டுத்தான் அட்டையை வாங்கி வருகிறேன்.