பளிங்குக் கல்லுக்கு ராஜ உபசாரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து இடைநிலைப் பள்ளி லேப், படிவம் நான்கு. மேலே விசிறி மூன்றில் சுற்றுகிறது; கீழே தராசு 2.03, 1.98, 2.01 என்று கரகம் ஆடுகிறது. விசிறியை நிறுத்தினால் எண் அடங்கும், ஆனால் நெற்றி வியர்வை தட்டில் சொட்டும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 கிராம்!

பளிங்குச் சில்லை அமிலத்தில் போட்டு, வாயு வெளியேறி நிறை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் சோதனை. அதற்குச் சரியாக 2.00 கிராம் சில்லு வேண்டுமாம். ஒரு சில்லை வைப்பதும் எடுப்பதுமாகப் பையன்கள் மல்லுக்கட்டுகிறார்கள். "டேய், இதை உடைடா, பாதி போதும்." இத்தனை பாடுபட்டவர்கள், அமிலத்தை மட்டும் சிலிண்டரில் நின்ற வாக்கில் எட்டிப் பார்த்து, "25, சரி" என்று கவிழ்த்துவிடுகிறார்கள். கூத்தே இங்கேதான்.

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அதில் 2.00 கிராம் என்றால் 0.020 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு). லிட்டருக்கு 1.0 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லி என்றால் 0.025 மோல். 'அமிலம்தானே அதிகம்' என்று இந்த இடத்தில் வழுக்குபவர்கள் ஏராளம். ஒரு மோல் கல்லுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும், ஆக 0.040 தேவை. அமிலம்தான் முதலில் தீரும், அதுதான் லிமிட்டிங் ரியேஜெண்ட். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 0.0125 மோல், 0.55 கிராம். அடியில் முக்கால் கிராம் கல் மிச்சம். "டீச்சர், கரையவே மாட்டேங்குது!" என்று குடுவையைக் குலுக்கிப் பயனில்லை.

கடையில் மாவு உருண்டை 20, முட்டை 12 இருந்தால் ரொட்டி தெலூர் (முட்டை ரொட்டி) 12தான். உருண்டையை எத்தனை முறை எண்ணினால் என்ன? கல் 2.05 ஆனாலும் வாயு அதே 0.55. அமிலம் 24 மில்லியாகக் குறைந்தால் 0.53.

மேலிருந்து பார்த்தால் சிலிண்டர் அளவு கூடுதலாகத் தெரியும். உள்ளே இருப்பது குறைவு. திரவப் பரப்புக் குழிவின் அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்கணும். 25 மில்லி பிப்பெட் (உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாய்) இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண ரகத்திலேயே பிழை 0.06 மில்லிக்குள் அடங்கும். நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதக்கூடாது, குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும்.

குடுவை வாயில் பஞ்சு வைக்க மறந்தால் அமிலத் தெறிப்பும் வெளியேறி, நிறை இழப்பு 0.55ஐத் தாண்டும். அறிக்கையில் காரணம் என்ன எழுதுவார்கள்? 'பேரலாக்ஸ் பிழை', அதாவது பார்க்கும் கோணத்தால் வரும் பிழை. டிஜிட்டல் தராசில்!