"டீச்சர்கிட்ட கொடுத்தியா?"

கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் சாயங்காலம் அதே பையில் திரும்பி வருகிறது. கேட்டால் பிள்ளை திருதிருவென்று முழிக்கிறது. திட்டுவதற்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "காலையில என்ன சொன்னேன்?" "தாளை டீச்சர்கிட்ட கொடுக்கச் சொன்னே" என்று டக்கென்று பதில் வந்தால், சொன்னது பதிந்துதான் இருக்கிறது, டீச்சரைப் பார்த்த நேரத்தில் அது மேலே வரவில்லை, அவ்வளவுதான். சொன்னதே நினைவில்லை என்றால் ஒருமுறை திருப்பிச் சொல்லவைத்தால் சரியாகும். உரிய நேரத்தில் நினைவு எழவில்லை என்றால் பத்து தடவை சொல்லி அனுப்பியும் பிரயோஜனமில்லை.

செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் இந்தத் திறன் நினைப்பதைவிடச் சீக்கிரமே தலைகாட்டிவிடும். சாமர்வில், வெல்மன், கல்டிஸ் மூவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், மிட்டாய் கிடைக்கிற மாதிரி தனக்குப் பிடித்த காரியம், கொஞ்ச நேரத்திலேயே செய்ய வேண்டியது என்றால் 2 வயதுக் குழந்தைகளே பெரும்பாலும் அம்மாவுக்கு நினைவுபடுத்திவிட்டார்கள். ஆர்வமில்லாத வேலையில், இடைவெளி நீளும்போது நிலைமை வேறு. "விளையாட மட்டும் மறக்க மாட்டியே!" என்று குத்திக்காட்டுவதில் அர்த்தமில்லை. அது கள்ளத்தனம் அல்ல.

சின்ன வயதில் பெரிய முட்டுக்கட்டை, கையில் இருக்கும் வேலையைப் பாதியில் விட்டு எழுவது. 2001-இல் உளவியலாளர் லியா க்வாவிலாஷ்விலி குழுவினர் 4, 5, 7 வயதுப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். விலங்குப் படம் வந்தால் எடுத்து ஒளித்துவைக்க வேண்டும். அந்தப் படம் அடுக்கின் நடுவில் வந்தபோதைவிட, கடைசியில் வந்தபோது பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். செய்வதை நிறுத்தி வேறொன்றுக்குத் தாவும் கட்டுப்பாடு மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. அது முதிர இருபது வயதும் தாண்டும்.

ஆகவே வேலையை இன்னொரு வேலையின் முடிவில் கட்டிவிடுங்கள். "சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊத்து" வேண்டாம். "ஷூவைக் கழட்டி வச்சதும் செடிக்குத் தண்ணி" என்று சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரே வேலை. அதே வாக்கியத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும், முடிந்தால் அந்த இடத்திலேயே ஒருமுறை செய்து பார்க்கட்டும். பூவாளியை ஷூ வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சுவரில் ஒட்டிய சீட்டு சில நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். காலில் இடறும் பொருள் அப்படியல்ல. தாளைப் பையின் அடியில் போடாமல், வகுப்பில் முதலில் திறக்கும் நோட்டின் நடுவில் வைப்பதும் இதனால்தான்.

மணியை வைத்துச் சொல்வது இன்னும் கஷ்டம். நேரத்தை யாரும் நினைவூட்ட மாட்டார்கள்; தானாகவே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். செசி, பிரான்ஃபென்பிரென்னர் என்ற உளவியலாளர்கள் 1985-இல் 10, 14 வயதினரிடம் 30 நிமிடம் கழித்துச் செய்யும் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு வீடியோ கேம் விளையாட விட்டார்கள். ஆய்வகத்தில் அல்லாமல் சொந்த வீட்டில் இருந்தவர்கள் முதலில் அடிக்கடி கடிகாரம் பார்த்து நேர ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நடுவில் விளையாட்டில் மூழ்கினார்கள், முடியும் தறுவாயில் மறுபடி அடிக்கடி பார்த்தார்கள். இதைப் பழக்கலாம்: பத்து நிமிட வேலை கொடுத்து, "இப்ப எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?" என்று ஊகிக்கச் சொல்லி, பிறகு கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு அலாரமே போதும், ஆனால் அது எதற்காக அடிக்கிறது என்பதையும் முன்பே சொல்லவையுங்கள். இல்லாவிட்டால் அணைத்துவிட்டு விளையாடப் போய்விடும்.

தினமும் செய்யும் வேலையில் வேறொரு குழப்பம் வரும்: இன்று செய்தேனா, நேற்றா? மீனுக்கு இரண்டு தடவை தீனி விழுவது இப்படித்தான். தீனி போட்டதும் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் நீங்கள் நிமிர்த்தி வையுங்கள்.