வாயால் சொல்லியிருக்கலாம்

எங்கள் ஷோரூமில் புது கார் வாங்கியவர் கேட்டது நேரான கேள்வி. "தம்பி, இந்தக் கதவுல யாராவது வேலை பார்த்திருக்காங்களா?" ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடித்திருக்கலாம். நான் டிராயரைத் திறந்து, பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்து, ஜீரோ செய்து அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே வச்சுப் பாருங்க சார். முதல்ல முன்கதவுல, அப்புறம் இதுல."

முன்கதவில் 118 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). பானெட்டில் 124. இடப்பக்கப் பின்கதவின் நடுவில் 263. நம்பாமல் இன்னொரு தரம் வைத்தார், 259. மீட்டரை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். "டெலிவரிக்கு முன்னாடி செக் பண்ணின ரிப்போர்ட்ல இருக்கு சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் கேட்டார்: "அப்ப மீட்டர் எதுக்கு? வாயால சொல்லியிருக்கலாமே."

சத்தம் போடவில்லை. சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், சத்தம் போடுகிறவர்களை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடலாம். இவரை அப்படி மறக்க முடியவில்லை.

நடந்தது பெரிய விஷயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன். டிரெய்லரில் இருந்து இறக்கும்போது கதவில் கீறல் விழுந்திருக்கிறது. உலோகம் நசுங்கவில்லை, பள்ளத்தை நிரப்பும் பட்டி வைக்கத் தேவைப்படவில்லை. எங்கள் பாடி ஷாப்பில் தேய்த்து, பிரைமர் கொடுத்து, கலர் அடித்து, கதவு முழுக்க கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சைப் போட்டு, பெயிண்ட் பூத்தில் காய வைத்து எடுத்தார்கள். தயாரிப்பாளரின் விதிப்படி இந்த அளவு வேலையை டீலரே செய்துகொள்ளலாம். அதற்கான பில்லும் தயாரிப்பாளருக்கே போயிற்று. எல்லாமே பதிவில் இருக்கிறது. வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் டெலிவரி படிவத்தில் மட்டும் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. மேனேஜர் எப்போதும் சொல்வது: "கேட்டா என்கிட்ட அனுப்பு." இவரும் கேட்டார். நான் அனுப்பவில்லை.

அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏ.சி. அறை, காபி, "சார், மெட்டாலிக் கலர்ல வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி ஷேடு மாறித் தெரியும்" என்ற விளக்கம். அதில் பொய் ஒன்றும் கிடையாது. மெட்டாலிக் பெயிண்டில் இருக்கும் அலுமினியத் துகள்கள் எந்தச் சாய்வில் படிகின்றன என்பது பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியின் காற்றழுத்தம், பிடிக்கும் தூரம், கை வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது. தொழிற்சாலையில் ரோபோ அடித்ததற்குப் பக்கத்தில் மனிதக் கை அடித்ததை வைத்தால், நேராகப் பார்க்கும்போது ஒன்றுபோல் இருக்கும், பக்கவாட்டில் நின்றால் ஒரு பொடி கூடக் குறையத் தெரியும். சில்வரில் இது இன்னும் மோசம். அவர் வண்டியும் சில்வர்தான். இரவில் பெட்ரோல் பங்க் விளக்கடியில் நின்றபோது அந்தக் கதவு மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததாம். அவர் மனைவி முதலில் கவனித்திருக்கிறார். மேனேஜர் சொல்லியிருக்கக்கூடிய அத்தனை வாக்கியமும் உண்மையாகவே இருந்திருக்கும், அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இருந்திருக்காது. அதனால்தான் அனுப்பவில்லை. இந்த இடத்தில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் மீட்டரில்தான்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்கிறேன். "ஆமாம் சார், ரீபெயிண்ட் பண்ணியிருக்கு" என்று வாயால் சொன்னால் கேட்பவர் மனதில் எழுவது விபத்துதான். புது வண்டி என்று ஏமாற்றி அடிபட்ட வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதற்கு மேல் நான் என்ன விளக்கினாலும் சப்பைக்கட்டாகவே கேட்கும். எண் அப்படியில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் பெயிண்ட், துருப்பிடிக்காமல் இருக்க அடியில் கொடுக்கும் இ-கோட் முதல் மேலே உள்ள கிளியர் வரை எல்லாம் சேர்த்து, பெரும்பாலும் 100-லிருந்து 150 மைக்ரானுக்குள் நிற்கும். மேலே இன்னொரு முறை அடித்தால் 200-ஐத் தாண்டும். பட்டி பார்த்த இடமென்றால் 500, சில சமயம் 1000-க்கும் மேலே போகும். ஆக 260 என்பது மேல்பூச்சு மட்டும்தான், அடியில் தகடு நன்றாக இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவருக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது.

இது முழுக்க உண்மைதானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஏனென்றால் 260-க்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் நான் விளக்கியது பிறகுதான், அவர் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு அப்புறம். மீட்டரைக் கொடுத்த நொடியில் என் மனதில் இந்தக் கணக்கெல்லாம் ஓடியதா, இல்லை, "நான் சொல்லவில்லை, மீட்டர்தான் சொன்னது" என்று பிறகு மேனேஜரிடம் நிற்க ஒரு இடம் வேண்டும் என்று கை தானாக டிராயருக்குப் போனதா? இரண்டும் இருந்திருக்கும். எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது, அவருக்கு உண்மை தெரிந்துவிட்டதே. ஆனால் அவர் முகத்தில் நான் பார்த்த ஏமாற்றம் கதவைப் பற்றியது இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை அவரையே தேடிக் கண்டுபிடிக்க வைத்தேனே, அதைப் பற்றியது.

இந்தத் தொழிலில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அலபாமா மாநிலத்தில் ஒரு டாக்டர் 1990-ல் புது பிஎம்டபிள்யூ வாங்கினார். கிட்டத்தட்ட 9 மாதம் ஓட்டினார், ஒரு குறையும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டியை இன்னும் பளபளப்பாக்க வேண்டும் என்று ஒரு பாலிஷ் கடைக்குக் கொண்டுபோனபோதுதான், கடைக்காரர் இது ரீபெயிண்ட் செய்த வண்டி என்று கண்டுபிடித்தார். வழியில் அமில மழை பட்டு பெயிண்ட் கெட்டிருக்கிறது, விற்பதற்கு முன் சரிசெய்திருக்கிறார்கள். அதற்கு ஆன செலவு 601 டாலர். பழுதுச் செலவு வண்டி விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலரிடம்கூடச் சொல்லத் தேவையில்லை என்பது அந்தக் கம்பெனியின் கொள்கை. டாக்டர் வழக்குப் போட்டார். நடுவர் குழு (ஜூரி), வண்டியின் மதிப்பு குறைந்ததற்கு 4,000 டாலரும் தண்டனைத் தொகையாக 40 லட்சம் டாலரும் கொடுக்கச் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைத் தொகையைப் பாதியாக்கியது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் அளவுக்கு மீறியது என்றது, 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில். கடைசியில் 50,000 டாலரில் வந்து நின்றது.

அந்த 4,000-க்கும் 40 லட்சத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெயிண்டுக்கு 4,000 போதும் என்று அந்தக் குழுவுக்கே தெரிந்திருக்கிறது. மீதியெல்லாம் சொல்லாமல் விட்டதற்கு. அது அதிகம் என்று சொன்ன நீதிபதிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, கம்பெனி பழுதுச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்து அதன்படி நடந்தது, யாருக்கும் காயமில்லை. எங்கள் மேனேஜர் பேசுவதும் கிட்டத்தட்ட இதே வாதம்தான், அவரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. தொழிற்சாலையிலேயே பெயிண்டில் தூசி விழுந்த வண்டிகளைத் தேய்த்து மறுபடி அடித்துத்தான் அனுப்புகிறார்கள், அதை யார் போய் வாங்குகிறவரிடம் சொல்கிறார்கள் என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. கேட்ட பிறகு சொல்லாமல் இருப்பது வேறு.

அந்தக் கதவை அடித்த பெயிண்டர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தூக்கத்தை இன்னும் கெடுப்பது அவர் விஷயம்தான்.

புகார் மேலே போனதும் விசாரணை வந்தது. ஷேடு வித்தியாசம் என்று எழுதி, அந்த மாத ஊக்கத்தொகையை அவருக்கு நிறுத்தினார்கள். யார்டு வண்டிகள், அதாவது விற்பனைக்கு வந்து எங்கள் இடத்தில் நிற்கும் புது வண்டிகள், அவரிடம் வருவதும் நின்றது. அண்ணன் என்னிடம் வந்து அந்தக் கதவின் போட்டோவைக் கேட்டார், போனில் காட்டினேன். பெரிதாக்கி, பீடிங் ரப்பரின் ஓரம், கைப்பிடியைச் சுற்றி, கீழ் விளிம்பு என்று நிதானமாகப் பார்த்தார். ரப்பரில் ஒரு புள்ளி பெயிண்ட்கூடத் தெறித்திருக்கவில்லை, கைப்பிடியைக் கழற்றிவிட்டுத்தான் அடித்திருக்கிறார். கீல் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை, கதவையே கழற்றவில்லை. பலர் செய்வதுபோல அவசரத்தில் டேப் ஒட்டி அடித்த வேலை இல்லை அது. "ரோபோ அடிச்சதுக்குப் பக்கத்துல சில்வர்ல இதைவிட யாரு மேட்ச் பண்ணுவா?" என்று கேட்டார். அப்புறம், "மீட்டரைக் கொடுத்தியே, வேலை சுத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை அவர்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. வண்டிக்காரர் கோபமாக நிற்கும்போது நம் ஆளின் வேலையைப் புகழ்ந்தால் எப்படிக் கேட்கும் என்று அவரிடம் விளக்கினேன். விளக்கம் சரியானதுதான். ஆனாலும் ஒரே நாளில் வாயால் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தைகளை இரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் என்னிடம் தயாராக ஒரு காரணம் இருந்தது.

வண்டிக்காரர் பணம் கேட்கவில்லை, மாற்று வண்டியும் கேட்கவில்லை. ஒரு கடிதம் கேட்டார். எந்தக் கதவு, என்ன காரணம், என்ன வேலை, பட்டி வைக்கப்படவில்லை, மீட்டர் அளவு இவ்வளவு, இதை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதைவிடப் புத்திசாலித்தனமான கோரிக்கை இருக்க முடியாது. நாளைக்கு அவர் வண்டியை விற்கப் போனால், வாங்குகிறவனும் மீட்டர் வைப்பான், 260-ஐப் பார்த்ததும் விபத்து வண்டி என்று விலையைக் குறைப்பான். இந்தக் கடிதம் கையில் இருந்தால் பேச இடமிருக்கும். புது வண்டியில் எந்தக் குறையைக் கண்டாலும் முதலில் இப்படி எழுத்தில் வாங்குங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே புகார் பதிவாகியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், "வாடிக்கையாளர் சத்தம் வருவதாகச் சொல்கிறார்" என்பதற்கும் "செக் செய்யவும்" என்பதற்கும் பின்னால் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வண்டியை இரவில் டெலிவரி எடுக்காதீர்கள், கழுவிய ஈரத்தோடு இருக்கும்போதும் எடுக்காதீர்கள், ஈரம் எல்லாவற்றையும் மறைக்கும். இதையெல்லாம் சம்பளம் வாங்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன். அப்படி வாங்கிய ஆள் பிறகு என் கவுன்டருக்குக் கோபத்தோடு வரமாட்டார்.

கடிதம் கொடுக்க மேனேஜர் ரொம்ப நாள் இழுத்தடித்தார். கடைசியில் கொடுத்தார். அதை எழுதித் தந்தது நான்தான். "வேலை தரமாகச் செய்யப்பட்டுள்ளது" என்று ஒரு வரி சேர்த்தேன். மேனேஜர் அதை அடிக்காமல் விட்டார். அண்ணனிடம் அந்த நகலைக் காட்டினேன், வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஊக்கத்தொகை திரும்ப வரவில்லை.

அதன்பின் டெலிவரி படிவத்தில் "யார்டு பழுதுப்பணி: உண்டு / இல்லை" என்று ஒரு கட்டம் வேண்டும் என்று நான் விடாமல் கேட்டு, ஒருவழியாகச் சேர்த்தார்கள். டிக் செய்வது என் வேலை. சமீபத்தில் ஒரு வண்டிக்கு "உண்டு" என்று போட்டேன், பின் பம்பரில் சின்ன டச்சப். பம்பர் பிளாஸ்டிக், எங்கள் மீட்டர் அங்கே அளவே காட்டாது, நான் டிக் போடாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாங்க வந்த குடும்பம் மாலையும் கையுமாக நின்றது. படிவத்தைப் படித்ததும், வேறு வண்டி கொடுங்கள் என்று திரும்பிப் போய்விட்டார்கள். அந்த வண்டியை விற்ற பையன் வேலைக்குப் புதிது, அதுதான் அவனுக்கு அந்த மாதத்தின் முதல் விற்பனை. பூஜைக்கு வைத்த தேங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறையும் நான் வாய் திறக்கவில்லை, படிவம்தான் பேசியது. அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது எவ்வளவு சின்ன வேலை என்று நானே எடுத்துச் சொல்லியிருந்தால் வண்டியை எடுத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த லோடு வந்து இறங்கியிருக்கிறது, அதில் இரண்டு வண்டிகளுக்கு "உண்டு" போட வேண்டியிருக்கிறது.