இசட் அச்சைப் பார்க்காமல் எதையும் எண்ணாதீர்கள்

கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் ஆழம் மாற்றி மாற்றி எடுத்த படங்களின் அடுக்குதான் ஸ்டாக்; அதில் ஒவ்வொரு படமும் ஒரு ஸ்லைஸ், ஆழத் திசை இசட் அச்சு. அதை ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் திறந்ததும் பலரின் கை நேராக த்ரெஷோல்டுக்கு, அதாவது எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் இருந்தால் பொருள் என்று எல்லை வைக்கும் படிக்கு, போகும். அதற்கு முன் இமேஜ் மெனுவில் பிராப்பர்டீஸைத் திறந்து பாருங்கள். பிக்சல் அகலம், உயரம், வாக்சல் (முப்பரிமாணப் பிக்சல்) ஆழம் மூன்றும் மைக்ரானில் இருக்க வேண்டும். அலகு 'பிக்சல்' என்றோ, ஆழம் 1 என்றோ இருந்தால், வழியில் யாரோ வெறும் டிஃப் (TIFF) படமாகச் சேமித்ததில் அளவுத் தகவல் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். மைக்ராஸ்கோப் தந்த மூலக் கோப்பை பயோ-ஃபார்மட்ஸ் என்ற செருகுநிரல் வழியாகத் திறந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பக்கவாட்டில் பிக்சல் 0.1 மைக்ரான், ஸ்லைஸ் இடைவெளி 0.5 மைக்ரான் என்று வையுங்கள். 8 மைக்ரான் விட்டமுள்ள உட்கரு குறுக்கே 80 பிக்சல் பிடிக்கும், ஆழத்தில் 16 ஸ்லைஸ்தான். இடைவெளி 1 மைக்ரான் என்று பதிவாகியிருந்தால் ஒவ்வொரு உட்கருவின் கனஅளவும் இரண்டு மடங்காகும். எல்லாமே ஒரே விகிதத்தில் வீங்குவதால் வரைபடத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகமும் வராது.

ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் உள்ள இந்த 5-க்கு 1 விகிதம் அடுத்தடுத்த படிகளிலும் கூடவே வரும். படத்தை மழுக்கி இரைச்சலைக் குறைக்கும் காஸியன் ப்ளர் 3டி-யில், மழுக்கும் அளவான சிக்மா பிக்சல் கணக்கு. மூன்று அச்சுக்கும் 2 கொடுத்தால் பக்கவாட்டில் 0.2 மைக்ரானும் ஆழத்தில் 1 மைக்ரானும் மழுங்கும். மேலும் கீழுமாக நெருங்கி நிற்கும் உட்கருக்கள் ஒட்டிக்கொள்ளும். 2, 2, 0.4 போதும். செல்களைத் தானாகப் பிரிக்கும் செல்போஸ் மென்பொருளை 3டி-யில் ஓட்டினால், இந்த விகிதத்தைக் கேட்கும் அனைசோட்ரோபி என்ற அமைப்பு 5. நபாரி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் வரிசை இசட், ஒய், எக்ஸ் என்பதால் ஸ்கேல் 0.5, 0.1, 0.1. மாற்றிக் கொடுத்தால் படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தட்டையாகிவிடும். கண்ணில் உடனே படும் பிழை என்பதால் அது பரவாயில்லை.

த்ரெஷோல்டில்தான் நேரம் போகும். ஆழம் போகப் போக வெளிச்சம் மங்குகிறது. ஸ்டாக் ஹிஸ்டோகிராமை (எல்லா ஸ்லைஸையும் சேர்த்துக் கணக்கிடும் தேர்வு) டிக் செய்து ஒரே எல்லை வைத்தால் அடியில் உள்ள உட்கருக்கள் காணாமல் போகும். ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் தனி எல்லை வைத்தால், ஒன்றுமே இல்லாத ஸ்லைஸில் இரைச்சல் பொருளாக எழுந்து நிற்கும். பின்னணியைக் கழித்து, ஸ்லைஸ்களின் வெளிச்சத்தைச் சமன் செய்த நகலில் மாஸ்க் (எது பொருள், எது பின்னணி என்று பிரிக்கும் படம்) எடுங்கள். செறிவை, அதாவது பிக்சல்களின் ஒளி அளவை, மட்டும் மூலப் படத்தில் அளக்கவும். சமன் செய்த படத்தில் அளந்த செறிவுக்கு அர்த்தமில்லை.

ஒவ்வொரு உட்கருவுக்கும் தனி எண் கொடுத்துக் கிடைத்த லேபிளை மூலப் படத்தின் மேல் போட்டு, ஃபிஜியின் ஆர்த்தோகனல் வியூஸில் பக்கவாட்டு வெட்டைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும் பிரிப்பு, அங்கே ஒரே நீள உருளையாகக் கிடக்கும். எல்லா ஸ்லைஸையும் ஒரே படமாக அடுக்கித் தட்டையாக்கும் மேக்ஸிமம் ப்ரொஜெக்‌ஷனில் எண்ணுபவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது. கொஞ்சம் நீளமாகத் தெரிவது மட்டும் ஒளியியலின் வேலை. ஆழத்தில் தெளிவு எப்போதும் குறைவுதான்.

இதையெல்லாம் முழு ஸ்டாக்கில் சோதிக்க வேண்டாம். 2048 × 2048 அளவில் 100 ஸ்லைஸ், 16 பிட் என்றாலே சுமார் 840 எம்பி. 32 பிட்டுக்கு மாறினால் இரட்டிப்பு, ஒவ்வொரு ஃபில்டருக்கும் இன்னொரு நகல். மேலே ஒன்று, அடியில் ஒன்று என 256 × 256 துண்டுகளை வெட்டி, அமைப்புகள் இரண்டிலும் நின்ற பிறகு மொத்தத்தையும் ஓட்டுங்கள்.