பாளையங்கோட்டையில் ஒரு யுஎஸ்பி போர்டு

5 அக்டோபர் 2024, சனி

அம்பாசமுத்திரத்து அக்கா மகனுக்கு மைக்ரோகண்ட்ரோலர் (நிரல் ஏற்றி ஓட்டும் குட்டிக் கணினிச் சிப்) போர்டு வேண்டுமாம். கடையில் வாங்கினால் மலிவுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் எல்லாமே பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். எது எதற்கு என்று கேட்டால் காட்டக்கூட முடியாது. ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து, ‘இது இல்லாட்டி இன்னது நடக்காது’ என்று சொல்லும்படி இருக்க வேண்டும். எனவே ஏடிடைனி85 என்ற சிப். இரு வரிசையில் எட்டுக் கால் உள்ள டிப் ஐசி, நிரலை வைக்க 8 கேபி பிளாஷ், 512 பைட் ரேம். அதனுள் யுஎஸ்பிக்கென்று தனிச் சுற்று எதுவும் கிடையாது. ஆஸ்திரியாவின் அப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் எழுதிய வி-யுஎஸ்பி நிரல்தான் சாதாரண பின்கள் (கால்கள்) இரண்டின் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கி அந்த வேலையைச் செய்கிறது.

6 அக்டோபர், ஞாயிறு

சர்க்யூட்டை நோட்டில் வரைந்தேன். சிப் 5 வோல்ட்டில் ஓடும். யுஎஸ்பியின் டி பிளஸ், டி மைனஸ் என்ற டேட்டா கம்பிகளிலோ 3.6 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே கம்பிக்கு, வோல்ட்டேஜ் அதற்கு மேல் ஏறாமல் பிடிக்கும் ஒரு 3.6 வோல்ட் ஜீனர் டையோடு, ஒரு 68 ஓம் ரெசிஸ்டர். டி மைனஸிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 1.5 கே (1500 ஓம்) ரெசிஸ்டர். ‘வந்துட்டேன், நான் மெதுவாப் பேசுற ஆளு’ என்று கணினியிடம் சொல்வது அந்த ரெசிஸ்டர்தான். அதையே டி பிளஸில் போட்டால் நொடிக்கு 12 மெகாபிட் பேசும் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். நம்முடையது 1.5 மெகாபிட். சிப் 16.5 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு பிட்டுக்கு 11 கிளாக் துடிப்பு கிடைக்கும். அவ்வளவுதான் அவகாசம்.

துல்லியமாகத் தாளம் போடும் கிரிஸ்டலும் வேண்டாம். சிப்பின் உள்ளே தாளம் போடும் ஆஸிலேட்டரின் வேகம் சூட்டுக்கும் வோல்ட்டேஜுக்கும் தக்கபடி நகரும். கணினி 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்பும் துடிப்பை அளந்து, நிரலே அதைச் சரிசெய்துகொள்கிறது. இதை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. சால்டரிங் அயர்னுக்கும் மல்டிமீட்டருக்கும் சந்தனம், குங்குமம். வேலை இல்லை.

12 அக்டோபர், சனி

விஜயதசமி, தொடங்க நல்ல நாள். வழவழப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினேன். தாளை ஊறவைத்து உரித்ததும் கோடுகள் தகட்டில் நின்றன. பிளாஸ்டிக் தட்டில் ஃபெரிக் குளோரைடு. டோனர் மூடாத செம்பெல்லாம் கரைந்தது.

கரைசலைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலிருக்கும் செம்பு மீனுக்கு விஷம், சாக்கடை கடைசியில் ஆற்றுக்குத்தான் போகிறது. சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பொங்கி அடங்கி வண்டல் இறங்கியதும் அதைப் பாட்டிலில் அடைத்து வைப்பதுதான் என் வழக்கம். ராத்திரி தசராச் சப்பரங்கள் கிளம்பிவிட்டன. துளை போடும் வேலை நாளைக்கு.

19 அக்டோபர், சனி

அர்டுயினோ யூனோ என்ற வேறொரு போர்டை புரோகிராமராக வைத்து, யுஎஸ்பி வழியே நிரல் ஏற்ற உதவும் மைக்ரோநியூக்ளியஸ் பூட்லோடரை ஏற்றியாகிவிட்டது. அது போக நிரலுக்கு ஏறத்தாழ 6 கேபி மிஞ்சும். யுஎஸ்பியில் செருகினால் கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. கேபிள் சரி, சால்டரிங் சரி. சந்தேகம் ஜீனர் மேல் போனது. ஜங்ஷன் பக்கம் கடையில் 1 வாட் வகைதான் இருந்தது. வாட் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. பெரிய ஜீனருக்குக் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் தன்மை) அதிகம். சிக்னலின் ஓரங்கள் மழுங்கி, 1.5 கே ரெசிஸ்டரின் இழுப்பும் திணறும். அரை வாட் வகை தேட வேண்டும்.

26 அக்டோபர், சனி

பழைய போர்டுகள் கிடக்கும் டப்பாவில் அரை வாட் ஜீனர் இரண்டு இருந்தன. மாற்றியதும் கணினி கண்டுகொண்டது.

மருமகன் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டான். எல்.ஈ.டி. மினுக்குவது அவனுக்கு அலுத்துவிட்டதாம். “மாமா, இது தமிழ்ல டைப் அடிக்குமா?” என்றான். அடிக்கும். போர்டைக் கணினியிடம் விசைப்பலகை என்று சொல்ல வைத்தோம். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. கே விசைக்கு எண் 14. அதை என்ன எழுத்தாகக் காட்டுவது என்பது கணினியின் பாடு. தமிழ்99 விசை அமைப்பை வைத்திருந்தால் ‘ம’ விழும். ஹெச் விசையான 11-ஐ அனுப்பினால் ‘க’. பையன் தாளில் அட்டவணை போட்டு, தன் பெயரை எண்களாக எழுத ஆரம்பித்துவிட்டான்.

சாக்கெட்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. “இம்புட்டுப் பெரிசா? டைப் சி வையுங்க மாமா.” வைக்கலாம்லே, அந்தச் சாக்கெட்டின் சிசி1, சிசி2 என்ற கால்கள் இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக 5.1 கே ரெசிஸ்டர் போட வேண்டும். போடாவிட்டால் இரண்டு முனையும் சி உள்ள கேபிளில் கரண்டே வராது என்றேன். அந்த இரண்டு ரெசிஸ்டருக்கும் தகட்டில் இடம் தேடி இப்போது அவனே வரைந்துகொண்டிருக்கிறான்.