நாலு நாளா, மூன்று நாளா? ஒரு விரிவுரையாளரின் நாட்குறிப்பு

யூன் 9, திங்கள்

தலைகீழ் வகுப்பறையின் முதல் நாள். விரிவுரையைப் பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் பார்த்துவிட்டு வருவார்கள், வகுப்பில் கணக்கும் கேள்வியும் மட்டும் என்பது திட்டம். மண்ணீர், அதாவது மண்ணில் தங்கும் நீர் பற்றி 42 நிமிடக் காணொளி. வகுப்பில் 38 பேர். "பார்த்தவர்கள் கை உயர்த்துங்கோ" என்றேன். ஒன்பது கை. அதிலும் இரண்டு பாதிக் கை.

மனம் கேட்கவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் பலகையில் விளக்கினேன். பார்க்காதவர்கள் நிம்மதியாக எழுதினார்கள். பார்த்தவர்களில் ஒருத்தி பேனையை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூன் 12, வியாழன்

கன்ரீனில் விசாரித்தேன். மல்லாவியிலிருந்து வந்துபோகிறவனுக்கு வீட்டில் சிக்னல் மாமரத்தடியில்தான். இன்னொருவன் உள்ளதைச் சொன்னான்: "எப்படியும் நீங்கள் வகுப்பில திரும்பச் சொல்லுவீங்கள்தானே, மேடம்." சுருக்கென்றது. ஏ.எல் ரியூஷனில் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய பிள்ளைகள். அந்தப் பழக்கத்துக்குத் திங்களன்று நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

2007 இல் கொலராடோவின் வூட்லண்ட் பார்க்கில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு இரசாயன ஆசிரியர்கள் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியதே, வகுப்புக்கு வரமுடியாமல் போன பிள்ளைகளுக்காகத்தான். என் காணொளியோ மாமரத்தடிப் பிள்ளைக்கே எட்டவில்லை.

யூன் 15, ஞாயிறு

42 நிமிடத்தை ஆறேழு நிமிடத் துண்டுகளாக வெட்டினேன். சிலைட் ஆங்கிலம், விளக்கம் தமிழ். பென்டிரைவிலும் ஏற்றியாயிற்று.

யூன் 16, திங்கள்

திரும்ப விளக்கவில்லை. பார்க்காத 14 பேரைப் பின்வரிசையில் மடிக்கணினியோடு இருத்தினேன். முன்னால் சிரிப்பும் சண்டையுமாகக் கணக்கு நடந்தது. பின்வரிசைக் கழுத்துகள் நீண்டன.

யூன் 23, திங்கள்

பின்வரிசையில் மூன்றே பேர்.

கேள்வி: கச்சான், வேர் ஆழம் 40 சென்ரிமீற்றர். அதற்குள் பயிர் எடுக்கக்கூடிய நீர் 40 மில்லிமீற்றர். பாதி குறைந்ததும் இறைக்க வேண்டும். நாளுக்கு 5 மில்லிமீற்றர் போகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை இறைப்பது?

ஹார்வர்டில் எரிக் மஸூர் பௌதிகவியல் வகுப்பில் செய்ததுபோல, முதலில் கை உயர்த்தல், பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதம், மறுபடி கை. முதல் சுற்றில் பெரும்பாலானோர் எட்டு நாள். 'பாதி' என்பதை விழுங்கிவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் நாலு. நான் வாயே திறக்கவில்லை, அதுதான் கஷ்டம்.

அப்போது விசுவமடுப் பெடியன்: "அப்பா இப்ப மூண்டு நாளுக்கு ஒருக்கா இறைக்கிறார், மேடம்."

"ஏன்?"

"சோளகக் காத்து அடிக்குதெல்லே. தண்ணி கெதியாக் காயுது."

ஜன்னலைப் பார்த்திருந்த அதே பிள்ளை எழும்பி வந்து 5 ஐ அழித்து 7 போட்டாள். இருபதை ஏழால் பிரித்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. வகுப்பு ஓவென்றது.

யூன் 24, செவ்வாய்

காலையில் வட்ஸ்அப்பில் ஒரு படம்: கிணற்றடியில் பழைய மோட்டர். "இது நிமிசத்துக்கு எத்தின லீற்றர் இறைக்கும் எண்டு எப்படிப் பாக்கிறது, மேடம்?"

ஒரு வாளியும் போனில் நேரம் பார்ப்பதும் போதும் என்று எழுதினேன். அடுத்த வாரக் காணொளி இன்னும் பதிவாகவில்லை.