டிக்கெட் எழுதவில்லை என்றாலும் ரெக்கார்டில் ஏறும்

"டிக்கெட் எதுவும் கொடுக்கவில்லை, வார்னிங்தான்." அமெரிக்க ஹைவேயில் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் நிம்மதியாகச் சொல்லும் வார்த்தை இது. கோர்ட்டைப் பொறுத்தவரை நிம்மதிதான். வேலை தேடும்போது அப்படி இல்லை. எடை பார்க்கும் ஸ்கேலிலோ ரோட்டோரத்திலோ இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையில் எழுதிய வயலேஷன் (விதிமீறல்), அபராதம் போட்டாலும் போடாவிட்டாலும், எஃப்எம்சிஎஸ்ஏ (டிரக், பஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய அமைப்பு) வைத்திருக்கும் மத்தியப் பதிவுக்குப் போய்விடும். புதுக் கம்பெனி உங்கள் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் அங்கிருந்துதான் பிஎஸ்பி என்ற டிரைவர் ரிப்போர்ட்டை எடுக்கிறது. அதில் 3 ஆண்டு இன்ஸ்பெக்ஷன்களும் 5 ஆண்டு விபத்துகளும் இருக்கும்.

அதை எம்விஆருடன் (மாநில ஓட்டுநர் பதிவு) குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்விஆர் உங்கள் லைசென்ஸ் கொடுத்த மாநிலத்தின் பதிவு, அதில் வருவது கோர்ட் தீர்ப்புகள். எம்விஆர் சுத்தமாக இருக்கும், பிஎஸ்பியில் ஒரு பக்கம் நிறைய வயலேஷன் இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் மத்திய விதி கேட்பது கடந்த 3 ஆண்டில் தண்டனையான போக்குவரத்துக் குற்றங்களை. ஆனால் பல கம்பெனிகள் அதற்குக் கீழே "ரோட்டோர வயலேஷன் ஏதாவது உண்டா" என்று தனியாகக் கேட்கும். இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலை எழுதுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். ரெக்ரூட்டருக்கு வயலேஷனைவிடப் பெரிய பிரச்சினை, விண்ணப்பமும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாதது. ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷனிலும் அன்று எந்தக் கம்பெனிக்கு ஓட்டினீர்கள் என்பதும் இருக்கும். இரண்டு மாதம் ஓட்டிவிட்டு விண்ணப்பத்தில் விட்டுவிட்ட கம்பெனி அங்கே பெயரோடு நிற்கும்.

சிஎஸ்ஏ என்பது எஃப்எம்சிஎஸ்ஏவின் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டம்; டிரைவருக்கு "சிஎஸ்ஏ பாயிண்ட்" என்று ஒன்று கிடையாது. பிஎஸ்பியில் மதிப்பெண்ணே இல்லை. தேதி, மாநிலம், கம்பெனி, இன்ஸ்பெக்ஷன் லெவல், விதி எண், அவுட் ஆஃப் சர்வீஸ் (சரியாகும்வரை ஓட்டக் கூடாது என்ற உத்தரவு) ஆனதா இல்லையா, அவ்வளவுதான். கணக்கு போடப்படுவது கம்பெனிகளுக்கு, அதுவும் கடைசி 24 மாதத்துக்கு. இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது: பழைய வயலேஷன் உங்களோடு சேர்ந்து புதுக் கம்பெனியின் கணக்கில் ஏறிவிடும் என்று. ஏறாது. அது நடந்த கம்பெனியின் கணக்கிலேயே நிற்கும். அப்படியானால் புதுக் கம்பெனிக்கு ஏன் கவலை? நேற்று லாக்கில் (ஓட்டிய நேரப் பதிவில்) தில்லுமுல்லு செய்தவர் நாளை தங்கள் டிரக்கிலும் செய்வார் என்ற பயம். இன்சூரன்ஸ் கம்பெனியின் நிபந்தனை. அதோடு, பெரிய விபத்து நடந்து வழக்கு வந்தால், "இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தும் எப்படி வேலைக்கு எடுத்தீர்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

எல்லா வயலேஷனும் ஒரே எடை இல்லை. ஒரு மார்க்கர் லைட் எரியவில்லை என்ற 393.9 ஒன்றிரண்டு இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பொய் லாக், வரம்பைவிட மணிக்கு 15 மைலோ அதற்கு மேலோ அதிக வேகம், கையில் போன், சீட் பெல்ட் ஆகிய நான்கும் டிரைவரின் பழக்கத்தைக் காட்டுபவை என்பதால் ஒன்று இருந்தாலே கேள்வி வரும். இவற்றில் அதிவேகத்துக்கும் போனுக்கும் இன்னொரு விளைவும் உண்டு: 3 ஆண்டுக்குள் இரண்டு முறை கோர்ட்டில் தண்டனையானால் 60 நாள் சிடிஎல் (கனரக வண்டி லைசென்ஸ்) போய்விடும். அவுட் ஆஃப் சர்வீஸ் உத்தரவை மீறி வண்டியை நகர்த்தினால் முதல் தடவையே குறைந்தது 180 நாள். அந்த நிலையில் வேலை தேடுவது மிகக் கடினம்.

தனி வயலேஷனைவிட, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும். மூன்று வெவ்வேறு மாதத்தில் மூன்று பிரேக் வயலேஷன் என்றால், இவர் பிரி-டிரிப் (கிளம்புமுன் செய்யும் வண்டிச் சோதனை) பார்ப்பதே இல்லை என்றுதான் படிக்கிறவர் முடிவு செய்வார். டிரெய்லர் யாருடையது, மெக்கானிக் யார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இல்லை.

பிரேக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவுட் ஆஃப் சர்வீஸில் அதிகம் அடிபடுவது இதுதான். டாங்கியில் காற்று 90 முதல் 100 பிஎஸ்ஐ இருக்கும்போது, இன்ஜினை நிறுத்தி, புஷ்ராட் (பிரேக்கைத் தள்ளும் கம்பி) சேம்பரிலிருந்து (காற்றறையிலிருந்து) வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். சாதாரண டைப் 30 கிளாம்ப் சேம்பருக்கு வரம்பு 2 அங்குலம், லாங் ஸ்ட்ரோக்குக்கு இரண்டரை. ஐந்து ஆக்சில் வண்டியில் பத்து பிரேக். அதில் 20 சதவீதம், அதாவது இரண்டு பழுதானாலே வண்டி அங்கேயே நிற்கும். ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைத் தானே சரிசெய்யும் பாகம்) இருந்தும் வரம்பைத் தாண்டுகிறது என்றால் எங்கோ பழுது இருக்கிறது. கையால் திருகி இறுக்கிவிட்டுக் கிளம்பினால் சில நாளில் மறுபடி அதே நிலைக்கு வந்துவிடும். டிவிஐஆரில் (டிரைவர் எழுதும் வண்டிப் பழுது அறிக்கை) எழுதி, கம்பெனியிடம் கையெழுத்து வாங்கி, அதைப் போனில் படமெடுத்து வையுங்கள். வயலேஷனை அது அழிக்காது, ஆனால் நேர்காணலில் வாயால் சொல்வதைவிட அந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம்.

காகிதக் குறையால் வரும் வயலேஷன்கள்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருபவை, அத்தனையும் தவிர்க்கக்கூடியவை. ஈஎல்டி (ஓட்டிய நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி) கையேடு, டேட்டா அனுப்பும் முறைக்கான தாள், கருவி பழுதானால் என்ன செய்வது என்ற தாள், 8 நாளுக்கான வெற்று லாக் தாள்கள் ஆகிய நான்கும் கேபினில் இருக்க வேண்டும். 

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். விண்ணப்பிப்பதற்கு முன்பே 10 டாலர் கட்டி உங்கள் பிஎஸ்பியை நீங்களே எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் டேட்டாக்யூஸில் (எஃப்எம்சிஎஸ்ஏவின் ஆன்லைன் முறையீட்டுத் தளம்) மறுஆய்வு கேட்கலாம். அது இன்ஸ்பெக்ஷன் நடந்த மாநிலத்துக்கே போகும். இன்ஸ்பெக்ஷனுக்கு 3 ஆண்டு, விபத்துக்கு 5 ஆண்டுவரை கேட்க முடியும். "அந்த ஆபீசர் கடுமையாக நடந்துகொண்டார்" என்று பக்கம் பக்கமாக எழுதுவது பலிக்காது. அறிக்கை எண், என்ன தவறு, அதற்கான ஆதாரம், இந்த மூன்றும் இருந்தால் நாலு வரி போதும். உங்கள் பெயரில் வேறொருவரின் இன்ஸ்பெக்ஷன், ஒரே வயலேஷன் இரண்டு முறை, பொருந்தாத விதி எண் போன்றவை திருத்தப்படுகின்றன.

டிக்கெட் கொடுத்திருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. கோர்ட்டில் தள்ளுபடியானாலோ நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலோ அந்த ஆவணத்தை டேட்டாக்யூஸில் ஏற்றினால் பிஎஸ்பியிலிருந்து அந்த வயலேஷன் நீங்கும். அபராதத்தைக் கட்டிக்கொண்டு தள்ளுபடி வாங்கினால் நீங்காது. வக்கீல் பேசிக் குறைந்த குற்றமாக மாற்றினால் குறிப்பு மாறுமே தவிர வரி போகாது. வார்னிங்குக்குக் கோர்ட்டே இல்லாததால் இந்த வழியும் இல்லை. சில சமயம் டிக்கெட்டைவிட வார்னிங் தொல்லை தருவது இதனால்தான்.

விபத்து யார் தவறு என்று பார்க்காமலே பட்டியலில் ஏறும். நின்றிருந்த உங்கள் டிரெய்லரின் பின்னால் ஒருவர் வந்து மோதியிருந்தால், தவிர்க்க முடியாத விபத்தாக அறிவிக்கக் கோரி போலீஸ் அறிக்கையுடன் அதே டேட்டாக்யூஸில் மனுச் செய்யுங்கள். ஏற்றுக்கொண்டால் அந்தக் குறிப்பு பிஎஸ்பியில் வரும்.

டொராண்டோ பக்கமிருந்து எல்லை தாண்டி ஓட்டும் நம்மவர்கள் இரண்டு பதிவுகளைப் பார்க்க வேண்டும்: அமெரிக்கப் பக்கத்து இன்ஸ்பெக்ஷனுக்கு பிஎஸ்பி, ஒன்டாரியோவின் 5 ஆண்டு சிவிஓஆர் டிரைவர் ஆப்ஸ்ட்ராக்ட் (வணிக வண்டி ஓட்டுநரின் பதிவுச் சுருக்கம்). 2025 ஜூன் 25 முதல் ரோட்டோரத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாவிட்டாலும் அவுட் ஆஃப் சர்வீஸ் என்பதால், லோட் என்ன, எங்கிருந்து எங்கே, இன்று எத்தனை மணி நேரம் ஓட்டினேன் என்பதைத் தடங்கலின்றிச் சொல்லிப் பழகுங்கள்.

சுத்தமான இன்ஸ்பெக்ஷனும் அதே பட்டியலில்தான் வரும். லெவல் 1 முழுப் பரிசோதனையில் எதுவும் கிடைக்காவிட்டால் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நான்கு சுத்தமான வரிகளுக்கு நடுவே ஒரு பிரேக் வயலேஷன் இருப்பதும், அது மட்டுமே தனியாக இருப்பதும் ஒன்றல்ல.

உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கம்பெனி பிஎஸ்பியை எடுக்க முடியாது. ஆன்லைனில் விண்ணப்பித்து, அந்த ரிப்போர்ட்டைக் காரணமாக வைத்து மறுத்தால் 3 வேலை நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பிஎஸ்பி மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே டேட்டாக்யூஸில் சாதகமான பதில் வந்த மறுநாளே விண்ணப்பிக்காமல், இன்னொரு 10 டாலர் போனாலும் புது ரிப்போர்ட்டை எடுத்து, அந்த வரி உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். பழைய வயலேஷனின் 3 ஆண்டு முடிந்து வரி தானாக விழ ஆறு வாரம்தான் பாக்கி என்றாலும் இதேதான்: அது போன பிறகு அனுப்புங்கள்.